ஏழு மணி அப்பா

மே 5, திங்கள்

இன்ஜின் ரூமில் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் லாக் புக் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்த மூன்றே நாளில் காலண்டர் ஓரத்தில் "மோட்டார் சரி, தொட்டி முக்கால்" என்று எழுதிவைத்துவிட்டேன். ஜெனோவா பார்த்துவிட்டு ஒரு டைரியைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். "இதுல எழுதுங்க. விட்டா அடுத்தது ஃப்ரிட்ஜ் மேல எழுதிருவீங்க."

சரி, முறையாகவே தொடங்குவோம். பெயர் கிளிட்டஸ். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் என்று போய், மாற்றுக்கு ஆள் வராமல் பதினாலு மாதம் ஆகித் தூத்துக்குடிக்குத் திரும்பியிருக்கிறேன். அடுத்த கப்பல் ஜூன் கடைசியில் என்று மும்பை ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். மனைவி ஜெனோவாவுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. மகள் லியா. மூன்றே முக்கால் வயது.

லியா என்னைப் 'பெட்டி மாமா' என்று கூப்பிடுகிறாள்.

பெரிய பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினேன் அல்லவா, அதனால். அவளுடைய அப்பா கப்பலில் இருக்கிறார். தினமும் மாலை ஏழு மணிக்கு ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக போனில் வருவார். வீட்டுக்கு வந்தால் கப்பலில்தானே வருவார்? ஆட்டோவில் லுங்கிக்காரர் ஒருவர் வந்து நின்றால் அவர் எப்படி அப்பா? ஜெனோவா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அவளுடைய பிளே ஸ்கூலுக்கு ஆறு வாரம் லீவு. வனஜா மிஸ் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு தலைப்பு அனுப்புகிறார். தினம் வீட்டில் பிள்ளையோடு ஒரு வேலை செய்து படம் எடுத்துப் போடவேண்டும். இந்த வாரம் நிறங்கள். ஜெனோவா காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருவாள். ஆக, நானும் லியாவும் நிறங்களும்.

கப்பலேறுவதற்குள் அவள் வாயால் ஒருதரம் என்னை அப்பா என்று கூப்பிட்டுவிடவேண்டும். இந்த லீவில் எனக்கு வேறு வேலை கிடையாது.

மே 6, செவ்வாய்

வீட்டில் உள்ள சிவப்புப் பொருட்களைத் தேடி ஒரு கூடையில் சேர்க்கவேண்டும். தக்காளி வந்தது, ஜெனோவாவின் கிளிப் வந்தது, ஒற்றைச் சாக்ஸ் வந்தது. அடுத்து கேஸ் சிலிண்டரைக் காட்டி, "மாமா, இதையும் கூடைக்குள்ள வைங்க" என்று ஒரே அடம். வைக்க முடியாது என்றேன். "எங்க அப்பா வச்சிருவாங்க" என்றாள். சிலிண்டரைத் தூக்கிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாலை ஏழு மணிக்கு வேறு கூத்து. தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்க, பிள்ளை போனை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். "அப்பா நாலு நாளா போனே பண்ணல. அப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். நான் எதிரில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெனோவா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "போய் பண்ணிட்டு வாங்க."

"ஏட்டி, நான் இங்கதானே இருக்கேன்!"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ சாப்பிடணும். அந்த ஆரஞ்சு சட்டை எங்க?"

பெட்டியைத் திறந்து, இன்ஜின் ரூமில் போடும் அந்த ஆரஞ்சு பாய்லர் சூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். வெள்ளை டைல்ஸ், கேபின் சுவர் மாதிரிதான் தெரியும். இருந்தாலும் ஹேங்கரில் தொங்கிய துண்டைக் கழற்றி ஒளித்தேன். ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"அப்பாஆஆ!"

பதினாலு மாதம் கேட்ட குரல்தான். ஆனால் இப்போது போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியேயும் கேட்டது. ஹெல்மெட் பட்டை கண்ணில் குத்திவிட்டது.

மே 7, புதன்

மஞ்சள். எலுமிச்சம்பழம், பென்சில், சாம்பார்ப் பருப்பு. ஏழு மணிக்கு பாத்ரூம். பாய்லர் சூட், மே மாத வெயில், ஃபேன் கிடையாது. இன்ஜின் ரூமே தேவலை.

மே 9, வெள்ளி

நீலம். மைதாவைக் காய்ச்சி அதில் கலர் பொடி கலந்து கையாலேயே வரையவேண்டும். என்னுடைய ஒரே நல்ல பனியன் போச்சு. லியா தாளில் வரைந்ததைவிட என் மேல் வரைந்ததுதான் அதிகம். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவள் மூக்கில் ஒரு பொட்டு வைத்தேன். மாமா என்ற ஞாபகமே இல்லாமல் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏழு மணி போனில் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள். "அப்பா, உங்க காதுல என்ன?" தொட்டுப் பார்த்தால் வலது காது முழுக்க நீலம். "இன்ஜின் கிரீஸ், மக்கா" என்று சமாளித்தேன். "நீல கிரீஸா?" என்றாள். "ஆமா, இந்தக் கப்பல்ல அப்படித்தான்." ம்ம் என்று தலையாட்டினாள். நல்ல வேளை, நம்பிவிட்டாள்.

மே 13, செவ்வாய்

இந்த வாரம் வடிவங்கள். இதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதினோரு வருடம் இரும்பையே நூல் பிசகாமல் வெட்டியவன். அட்டையில் வட்டம், சதுரம், முக்கோணம். லியா கத்தரிக்கோலைப் பிடித்ததைப் பார்த்தால் மீன் வெட்டுகிற மாதிரி இருக்கிறது. அவள் வெட்டிய வட்டம் உருளைக்கிழங்கு. "அப்படி இல்ல, இப்படி" என்று நானே ஓரத்தைச் சரி செய்து கொடுத்தேன். படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

மே 14, புதன்

வனஜா மிஸ் குழுவில் எழுதியிருக்கிறார்: "லியா அப்பா, வட்டம் அருமை. லியா வெட்டினதையும் போடுங்க." பதினெட்டு அம்மாமார் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு வேறு சோலியே இல்லையா?

மே 15, வியாழன்

இன்று சதுரம். லியா வெட்டிக்கொண்டே வந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கை மட்டும் நீண்டுவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானம் வரை அங்கேதான். அவளுக்குப் பிடித்த முந்திரி மக்ரூன் வாங்கி வந்து காட்டியும் வெளியே வரவில்லை.

ஏழு மணிக்கு போனில் எல்லாவற்றையும் கொட்டினாள். "அப்பா, இங்க ஒரு மாமா இருக்காருல்ல. நான் என்ன செஞ்சாலும் அப்படி இல்ல, இப்படிங்காரு. என் வட்டத்தை வெட்டிட்டாரு. அது என் வட்டம்."

"மாமா நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாரு..."

"நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கள்ல? நீங்க 'சூப்பரு'ன்னுதானே சொல்லுவீங்க?"

ஆமாம் என்றேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு சூப்பர் என்று சொல்ல என்ன செலவு? பக்கத்தில் இருக்கிற மாமாதான் வில்லனாகிவிட்டார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன். "என்னங்க, கண்ணு சிவந்திருக்கு?" என்றாள் ஜெனோவா. சோப்பு பட்டுவிட்டது என்றேன்.

மே 16, வெள்ளி

வனஜா மிஸ் அனுப்பிய தாளை இன்றுதான் கடைசி வரை படித்தேன். அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: "பிள்ளை செய்வதைப் பெரியவர்கள் செய்து கொடுக்கவேண்டாம். திருத்தவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்." இதைத் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கக்கூடாதா?

முக்கோணம் வெட்டினாள். ஐந்து மூலை இருந்தது. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் முதலில் முக்கோணத்தைப் பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள். ஐந்து மூலையோடு படம் குழுவுக்குப் போனது.

மே 20, செவ்வாய்

தண்ணீர் வாரம். எது மிதக்கும், எது மூழ்கும்? துணி அலசுகிற பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, போடுவதற்கு முன்னால் சொல்லவேண்டும். கப்பல்காரனிடமேவா! கரண்டி மூழ்கும் என்றேன், மூழ்கியது. கத்தரிக்காய் மிதக்கும் என்றேன், மிதந்தது. லியா ஒரு சாத்துக்குடியைக் கொண்டுவந்தாள். கையில் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். "மூழ்கும்" என்றேன். "மிதக்கும்" என்றாள். போட்டால் பந்து மாதிரி மேலே வந்து நின்று ஆடுகிறது!

சரி, தோலை உரித்துப் போட்டுப் பார்ப்போம் என்று உரித்துப் போட்டேன். இப்போது மூழ்கிவிட்டது. தோலுக்குள்தான் காற்று இருக்கிறதாம், மிஸ் தாளில் போட்டிருக்கிறார். இது தெரியாமல்தான் இத்தனை வருடம் கடலில் இருந்திருக்கிறேன். "மாமா தோத்துட்டாரு!" என்று லியா டப்பைச் சுற்றி ஆடினாள். அறை முழுக்கத் தண்ணீர். துடைக்கும்போது அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள். முதல்முறையாகத் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு வாய் தவறிவிட்டது. அவள் சொல்வதற்கு முன்னாலேயே, "சாத்துக்குடி மிதந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கப்பல்ல ரேடார் இருக்கு மக்கா. எல்லாம் தெரியும்."

"அப்போ மாமா இப்ப என்ன பண்ணுதாருன்னு ரேடார்ல பாருங்க."

"ம்... குளிக்காரு."

"டெய்லி இப்பத்தான் குளிக்காரு. ரொம்ப அழுக்கு மாமா" என்று சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கிறாள்.

மே 23, வெள்ளி

பாத்ரூமை விட்டு வெளியே வந்தால் கதவடியில் பாதி மக்ரூன் கிடக்கிறது. எறும்பு வரிசை கட்டி வந்துவிட்டது. தின்பண்டத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று லியாவிடம் சொல்லலாம் என்று போனேன். தொடைக்கு அடியில் கையை வைத்த மாதிரி நாக்கையும் வைத்துக்கொண்டேன். எறும்பை நானே கூட்டினேன்.

மே 27, செவ்வாய்

ஜோடி சேர்க்கும் வாரம். டப்பாவும் மூடியும், செருப்பும் செருப்பும், பூட்டும் சாவியும். லியா இதில் புலி. வீட்டில் உள்ள மூடி எல்லாம் தரையில். நான் வேண்டுமென்றே மிக்ஸி மூடியைத் தண்ணீர்ப் பானையில் வைத்தேன். "அப்படி இல்ல, இப்படி" என்றாள் என்னைப் போலவே குரலை வைத்துக்கொண்டு. கன்னம் சுட்டது, ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

கடைசியில் சோபா மேல் கிடந்த என் லுங்கியை எடுத்துக்கொண்டு போய் பெட்டியில் மடித்திருந்த ஆரஞ்சு சூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். "ஏன் பாப்பா, அது ஜோடி இல்லையே?" என்றேன். அதற்குள் மூடிகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டாள். விளையாட்டு அலுத்துவிட்டது போலிருக்கிறது.

மே 30, வெள்ளி

மறுபடியும் கதவடியில் அரை மக்ரூன். இந்த வீட்டில் யாரோ தின்பண்டத்தை முழுதாகத் தின்பதே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

நமக்கு உதவுபவர்கள் வாரம். லியா டாக்டர், நான் நோயாளி. காய்ச்சலுக்கு முழங்காலில் ஊசி. இரண்டு மணி நேரம் அசையக்கூடாது என்று உத்தரவு. அப்படியே தூங்கிப்போனேன். எழுந்தபோது நெற்றியில் ஈரத்துணி, நெஞ்சின் மேல் அவளுடைய துணி முயல். அந்த முயலை அவள் ஜெனோவாவிடம்கூடக் கொடுக்கமாட்டாள்.

மும்பையிலிருந்து போன். ஜூன் 28 அன்று கப்பல், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார்கள். நாளை சொல்கிறேன் என்றேன். எதற்கு நாளை என்று தெரியவில்லை. எப்போதும் உடனே சரி என்றுதான் சொல்வேன்.

ஜூன் 4, புதன்

சரி என்று சொல்லிவிட்டேன். ஜெனோவா இன்று மீன் குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது. இரண்டு பேரும் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 9, திங்கள்

கடைசி வாரம். என் குடும்பம். சார்ட்டில் மூன்று கட்டம் போட்டு, ஆளுக்கொரு கையைச் சாயத்தில் தொட்டுப் பதிக்கவேண்டும். பள்ளி திறக்கிற அன்று கொண்டுபோய் வகுப்பில் ஒட்டுவார்களாம். ஜெனோவா வேலைக்குப் போவதற்கு முன் சிவப்பில் கையை வைத்துவிட்டுப் போனாள். லியா மஞ்சளில் வைத்தாள். மூன்றாவது கட்டத்துக்கு நான் கையை நீட்டினேன். அவள் தன் உள்ளங்கையால் கட்டத்தை மூடிக்கொண்டாள்.

"இது அப்பா கட்டம். அப்பா வந்து வைப்பாங்க" என்று பாத்ரூம் பக்கமாகப் பார்த்துச் சொன்னாள்.

நான் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிக் கடற்கரை வரை நடந்துவிட்டு, அவளை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து ஓட்டமாகத் திரும்பினேன்... என்று எழுதினால் பொய். அவளையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனேன். பால் ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் இருந்தது. வழியெல்லாம் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தாள். இவ்வளவு நெருங்கி வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

ஏழு மணி. "அப்பா, எப்ப வெளிய வருவீங்க?" என்று கேட்டாள். "வீட்டுக்கு எப்ப வருவீங்கன்னு கேக்கணும், மக்கா" என்றேன். "ம், அதான்" என்றாள்.

ஜூன் 11, புதன்

மூன்றாவது கட்டம் காலி. ஜெனோவாவிடம் சொல்லிவிட்டேன், நாளையோடு இந்த நாடகத்தை நிறுத்துகிறேன் என்று. கப்பலேறியபின் நிஜமாகவே போனில்தானே வரப்போகிறேன், இப்போது எதற்கு? ஜெனோவா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வருத்தமாக்கும் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்தால் சிரித்த மாதிரியும் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு சூட், ஹெல்மெட், தாழ்ப்பாள். போன் போட்டேன். கடைசிப் போன் என்பதால் நிறையப் பேசவேண்டும் என்று மத்தியானத்திலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். "லியா மக்கா, அப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

திரையில் அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நெளிகிறாள், குதிக்கிறாள்.

"அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

"இல்ல மக்கா, முக்கியமான விஷயம். அப்பா இனிமே..."

திரையில் ஹால் போனது, ஃப்ரிட்ஜ் போனது, ஒரு கதவு வந்தது. அந்தக் கதவை எனக்குத் தெரியும். உள்பக்கத்திலிருந்து நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனிலும் கதவுக்கு வெளியிலுமாக ஒரே நேரத்தில் குரல் வந்தது.

"அப்பா! கதவைத் தொறங்க! எனக்கு ஒண்ணுக்கு வருது!"

தாழ்ப்பாளைத் திறக்கவே கை வரவில்லை. "சீக்கிரம் அப்பா!" என்று கதவில் இரண்டு அடி. திறந்தேன். ஆரஞ்சு சூட்டில் நிற்கிறவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். "அங்கிட்டுத் திரும்பிக்கோங்க" என்றாள். திரும்பிக்கொண்டேன். ஹாலில் ஜெனோவா சோபாவில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஹெல்மெட்டோடு அழுதேன். ஆமாம், அழுதேன். சோப்பும் இல்லை, பட்டையும் இல்லை.

கை கழுவிவிட்டு வந்ததும் மடியில் தூக்கி வைத்துக் கேட்டேன். "உனக்கு எப்ப தெரியும்?"

"உங்க காது நீலமா இருந்துச்சுல்ல, அன்னைக்கு. மாமா காதும் நீலமா இருந்துச்சு."

மே ஒன்பது! அப்படியென்றால் கோள் சொன்னது, அழுக்கு மாமா என்றது எல்லாம் என்னிடமே என்னைப் பற்றியா? "அந்த மக்ரூன்?" என்றேன். "உங்களுக்குத்தான். உள்ள பசிக்கும்ல? நீங்க சாப்பிடவே இல்ல."

"பின்ன ஏன் பாப்பா சொல்லல?"

விரலால் என் சட்டை ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே சொன்னாள். "போன் அப்பா திட்ட மாட்டாங்க. மாமா திட்டுவாரு. சொன்னா போன் அப்பா போயிருவாங்க, மாமா மட்டும் இருப்பாரு."

ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு அவளே சேர்த்துக்கொண்டாள். "இப்ப மாமாவும் திட்டல."

ஜூன் 13, வெள்ளி

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே சார்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜூன் 28 அன்று அப்பா கப்பலுக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். போனை மறைத்த மாதிரி இதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. முகம் சுருங்கியது. யோசித்தாள்.

"ஏழு மணிக்குப் போன் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேன்."

"கப்பல்ல இருந்து பண்ணணும். பாத்ரூம்ல இருந்து பண்ணக்கூடாது."

"சத்தியமா."

நீலச் சாயத்தைக் குழைத்து என் உள்ளங்கையில் அவளே பூசினாள். மணிக்கட்டைப் பிடித்துக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோய் இரண்டு கையாலும் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால் கோணலாக விழுந்திருக்கிறது. என் சுண்டு விரல் கோட்டைத் தாண்டி அவளுடைய மஞ்சள் கையின் மேல் ஏறிவிட்டது. அந்த இடம் பச்சையாகிவிட்டது.

"நல்லா இருக்கா, அப்பா?"

"சூப்பரு" என்றேன்.